காவலுக்குக் கூலி ஒரு நாடு

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளை மோரீஷஸிடம் ஒப்படைக்கவும், அவற்றுள் டீகோ கார்சியா படைத்தளத்தை மட்டும் 99 ஆண்டுகளுக்குத் தன்வசம் வைத்துக்கொள்ளவும் பிரிட்டன் 2025 மே மாதம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. குத்தகை ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. தளத்துக்காக வெளியேற்றப்பட்ட தீவு மக்களின் இழப்பு அதில் அடங்குமா என்பது வேறு கேள்வி. வட்டாரத்தின் பாதுகாப்புக்காகவே படை என்பது பிரிட்டன் கூறும் நியாயம். இதன் பூர்வ வரலாற்றைத் தேடித் திருச்சிவாசியான நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நவாப் வாலாஜா முகமது அலியின் வாழ்க்கையே போதும்.

1749-இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீன் மாண்டதும் திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தவர் அவர். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், பிரெஞ்சுப் படையின் துணையுடன் கோட்டையை முற்றுகையிட்டார். உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியையே தருவதாக வாக்களித்துவிட்டு, பின்னர்க் கைவிரித்த சாமர்த்தியசாலி முகமது அலி. ஆங்கிலேயரிடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

1752-இல் லாரன்ஸும் கிளைவும் முற்றுகையை உடைத்தனர். எதிரிகள் காவிரியைக் கடந்து தீவுக்குப் பின்வாங்கினர். ஸ்ரீரங்கம் கோயில் சந்தா சாகிபின் படைக்கும், திருவானைக்கா கோயில் பிரெஞ்சுக்காரருக்கும் அரணாயின. ஜூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் முகமது அலியே நவாப் என்பதைப் பிரான்சும் ஏற்றது.

காவலுக்கு வந்த படை அப்போதே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பிரெஞ்சுக்காரருக்குப் பதில் ஹைதர் அலி காரணமானார். அவருக்குப் பின் திப்பு.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்பதால் என் கண் செலவுக் கணக்கில்தான் நிற்கிறது. படை கம்பெனியுடையது, செலவு நவாபுடையது. எவ்வளவு படை, எங்கே நிற்பது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். பணம் போதாதபோது நவாபுக்குக் கடன் தந்தவர்களும் பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஊழியர்களே. கடனுக்கு ஈடு, நில வருவாய். சுமை கடைசியில் உழவன் தலையில் இறங்கியது. இந்தக் கடன் விவகாரத்தை 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கண்டித்துப் பேசினார்.

நவாபை அப்பாவியாகவும் கருத இயலாது. 1773-இல் தஞ்சாவூரைப் பிடிக்க இதே படையைத்தான் அவர் பயன்படுத்தினார். மூன்றாண்டுகளில் கம்பெனி அதை மராட்டிய மன்னருக்கே திருப்பியளித்தது. 1792 உடன்படிக்கைப்படி, போரில்லாக் காலத்திலும் படைச் செலவுக்காக ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் அவர் தர வேண்டியிருந்தது.

1795-இல் அவர் மறைந்தார், அடக்கம் திருச்சியில். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்புவும் மாண்டார். காட்டுவதற்கு வெளிப்பகை எதுவும் மிஞ்சவில்லை. உடனே, திப்புவின் அரண்மனையில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பமே பகைவரோடு உறவாடியதாகக் கம்பெனி குற்றஞ்சாட்டியது. 1801 ஜூலையில் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. முகமது அலியின் பேரன் அசிம்-உத்-தௌலாவுக்குக் கிடைத்தவை நவாப் பட்டமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்.