அச்சம் தின்ற ஆன்மா: ஃபாஸ்பிண்டரின் வாழ்வும் ஒரு படமும்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரங்களே கழிந்திருந்த 1945 மே 31 அன்று, பவேரியாவின் சிற்றூர் ஒன்றில் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் மொழிபெயர்ப்பாளர். 1951இல் பெற்றோர் மணமுறிவு பெற்றபின் மகன் தாயிடம் வளர்ந்தார். தாயோ காசநோயால் நெடுநாள் மருத்துவ இல்லங்களில் தங்க நேர்ந்தது. தாய் வீட்டிலிருந்த நாட்களிலும், மொழிபெயர்ப்பு வேலை தடையின்றி நடப்பதற்காகச் சிறுவன் திரையரங்குக்கு அனுப்பப்பட்டான். வீட்டில் கிட்டாத துணையை இருட்டில் அமர்ந்து திரையில் தேடிக்கொண்ட பிள்ளைப் பருவம் அது.

பதின்ம வயதில் அவர் கொலோன் நகரில் தந்தையுடன் சிலகாலம் வாழ்ந்தார். அங்கே தந்தை அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பழுதடைந்த குடியிருப்புகளை வாடகைக்கு விட்டிருந்தார். அவற்றைக் கவனிப்பதில் மகனும் உதவினார். போரில் ஆளிழந்த மேற்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்காக 1955இல் இத்தாலியுடனும், 1960இல் கிரீஸ், ஸ்பெயின் நாடுகளுடனும், 1961இல் துருக்கியுடனும், 1963இல் மொராக்கோவுடனும் ஆட்சேர்ப்பு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. வந்தவர்களுக்கு விருந்தினர் தொழிலாளர் என்று பெயர் சூட்டப்பட்டது. விருந்தினர் என்ற சொல்லில் உபசாரத்தைவிட, ஒருநாள் திரும்பிப் போய்விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மிகுதியாக இருந்தது. ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்திருந்தும் ஒவ்வொருவரும் தனியராயிருந்த அந்த வாழ்க்கையை ஃபாஸ்பிண்டர் அருகிலிருந்து கண்டார்.

பெர்லின் திரைப்படப் பள்ளி 1966இல் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அவர் மியூனிக் நகரின் சிறு நாடகக் குழுவொன்றில் இணைந்தார்; 1968இல் தோழர்களோடு சேர்ந்து சொந்தக் குழுவைத் தொடங்கினார். தெற்கிலிருந்து வரும் அயலாரை இழித்துரைக்கும் பவேரியக் கொச்சைச் சொல்லான கட்ஸெல்மாக்கர் என்பதையே தலைப்பாக்கி ஒரு நாடகம் எழுதி, 1969இல் அதைப் படமாகவும் எடுத்தார். அதில் ஜெர்மன் மொழி தெரியாத கிரேக்கத் தொழிலாளியாக அவரே நடித்தார். புறநகர் இளைஞர்களின் வம்புப் பேச்சும் பொறாமையும் ஓர் அந்நியன் மீது அடியாக விழும் கதை அது.

1971இல் டக்ளஸ் சர்க் இயக்கிய படங்களை அவர் பார்த்தார். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, ஹாலிவுட்டில் குடும்பக் கண்ணீர்க் கதைகள் என ஒதுக்கப்பட்ட படங்களை எடுத்தவர் சர்க். தாமும் ஒரு புலம்பெயர்ந்தவர். வசதி படைத்த கைம்பெண் ஒருத்தி தன்னிலும் இளைய தோட்டக்காரனை விரும்புவதைச் சொல்லும் அவரது 1955ஆம் ஆண்டுப் படம் ஃபாஸ்பிண்டரின் மனத்தில் தங்கிற்று. அதற்கு முன்பே, 1970இல் வந்த தம்முடைய படமொன்றில், துப்புரவுப் பணிப்பெண் எம்மியும் துருக்கியத் தொழிலாளியும் மணந்துகொண்ட கதையை ஒரு பாத்திரம் சொல்வதாக அவர் அமைத்திருந்தார். அக்கதையில் எம்மி கொலையுண்டு கிடப்பாள். சர்க்கைக் கண்டபின் அதே கதைக்கு வேறொரு முடிவு வேண்டியிருந்தது.

அவ்வாறு 1973 செப்டம்பரில், ஏறத்தாழ இரண்டே வாரங்களில், அச்சம் ஆன்மாவைத் தின்னும் என்ற படம் உருவாயிற்று. மழைக்கு ஒதுங்கி மதுக்கடையில் நுழையும் அறுபது வயதுக் கைம்பெண் எம்மியும், யாரோ கேலியாகத் தூண்டிவிட அவளை ஆட அழைக்கும் மொராக்கோ நாட்டு இயந்திரப் பணியாளன் அலியும் பேசத் தொடங்குகிறார்கள். பேச ஆள் கிடைத்த வியப்பே அவர்களின் உறவுக்கு முதல் வித்து. மணம் முடிந்ததும் பிள்ளைகள் சீறுகிறார்கள். ஒரு மகன் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான். மளிகைக் கடைக்காரர் அலியின் ஜெர்மன் புரியாததுபோல் நடிக்கிறார். வேலையிடத்துப் பெண்கள் எம்மியை விலக்கிவைக்கிறார்கள். மாமியாரின் மணத்தை வெறுக்கும் மருமகனாக ஃபாஸ்பிண்டரே நடித்தார்; முன்பு அந்நியனாக நின்றவர் இம்முறை அந்நியனை வெறுப்பவனின் இடத்தை எடுத்துக்கொண்டார்.

எம்மியை அவர் குற்றமற்றவளாகப் படைக்கவில்லை. ஒருகாலத்தில் நாஜிக் கட்சியில் இருந்தவள் அவள். ஹிட்லர் உணவருந்திய விடுதியிலேயே திருமண விருந்தை வைத்துக்கொள்கிறாள். சுற்றத்தாருக்கு அவளுடைய உதவி தேவைப்பட்டதும் பகை தணிகிறது. அப்போது அவளும் மற்றப் பெண்களோடு சேர்ந்து, புதிதாக வந்த யூகோஸ்லாவியப் பணிப்பெண்ணை ஒதுக்குகிறாள். அலியின் புயத்தைத் தோழியர் தொட்டுப் பார்க்கக் காட்டுகிறாள். அவன் விரும்பும் கூஸ்கூஸ் உணவைச் சமைக்க மறுக்கிறாள். வெளியார் பகைத்தபோது காக்கப்பட்ட அன்பு, பகை நீங்கியபின் உள்ளிருந்தே தளர்கிறது. அலி குடற்புண்ணால் மயங்கி விழ, அயல்நாட்டுத் தொழிலாளர்களிடம் இது அடிக்கடி காணும் நோய் என்று மருத்துவர் விளக்குகிறார். இம்முறை எம்மி கொலையுறவில்லை. கணவனின் கட்டிலருகே கைபற்றி அமர்ந்திருக்கிறாள்.

படத்தின் ஜெர்மன் தலைப்பு இலக்கணப் பிழையுடையது. வினைச்சொல் எழுவாய்க்கு இயையாமல் நிற்கிறது. ஆன்மா என்ற சொல் தனக்குரிய சுட்டை இழந்திருக்கிறது. அஞ்சும் எம்மிக்கு அலி ஆறுதல் சொல்லும் தருணத்தில் பிறந்த தொடர் அது. கற்றோரின் மொழியில் திருத்தி எழுதியிருந்தால் அது வெறும் பழமொழியாகியிருக்கும். பிழையோடு நின்றதால், ஓர் அந்நியன் இரவல் மொழியில் தன் அறிவைச் சொல்ல முயன்றதன் சுவடு அதில் தங்கியது. சொல்லோடு உழல்வோர் எண்ணிப் பார்க்கத்தக்க முடிவு இது. 1974இல் கான் திரைப்பட விழாவில் அப்படம் பன்னாட்டு விமரிசகர் பரிசு பெற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1973 நவம்பரில், மேற்கு ஜெர்மனி அயல்நாட்டு ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டது.

அலியாக நடித்தவர் எல் ஹெடி பென் சலேம். ஃபாஸ்பிண்டர் அவரைப் பாரிஸில் சந்தித்தார். இருவரும் காதலராய் வாழ்ந்தனர். அவ்வாழ்வு படத்தின் கனிவை எட்டவில்லை. குடியும் சினமும் அதைச் சிதைத்தன. சலேமின் பிள்ளைகளை ஜெர்மனிக்கு அழைத்து வந்து வளர்க்கும் முயற்சியும் தோற்றது. பிரிவுக்குப் பின் சலேம் பெர்லினில் சிலரைக் கத்தியால் குத்தி, பிரான்ஸுக்குச் சென்று சிறைப்பட்டார். 1977இல் அங்கேயே இறந்தார். அச்செய்தி ஃபாஸ்பிண்டரை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அந்நியனின் துயரை அத்தனை நுட்பமாகக் கண்டவர் தம் பக்கத்திலிருந்த அந்நியனைக் காக்க இயலாமற்போனார் என்பது அவர் வரலாற்றின் ஆறாத பகுதி.

பதினான்கு ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை அவர் முடித்தார். மரியா பிரவுனின் திருமணமும், பதினான்கு பகுதிகள் கொண்ட பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸும் அவற்றுள் அடங்கும். ஓயாத உழைப்பும் போதைப்பொருளும் உடலைத் தின்றன. 1982 ஜூன் 10 அன்று மியூனிக்கில், முப்பத்தேழாம் வயதில் அவர் இறந்தார். அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த இறுதிப் படமான குவெரெல், சலேமுடனான நட்புக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. முந்தைய படத்தில் யாவரும் அலி என்று சுருக்கி அழைத்த பாத்திரத்துக்கு, நடிகரின் சொந்தப் பெயரே முழுப்பெயராக இருந்தது: எல் ஹெடி பென் சலேம் எம்பாரக் முகமது முஸ்தபா. காணிக்கையில் அப்பெயர் சுருக்கப்படாமல் முழுமையாகவே பொறிக்கப்பட்டது.