வழி சமைத்தவர் கரிவரதன்

எமது கட்டுக்குருந்தையைப் போலவே சென்னைக்கு அணித்தான சோழவரமும் போர்க்கால விமானத்தளமாயிருந்து, பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. அக்களத்திலே பெயர்பெற்ற வீரர்களுள் ஒருவர் சுந்தரம் கரிவரதன்.

1954 இல் கோயம்புத்தூரில், ஆலையதிபர் குடும்பமொன்றிற் பிறந்தவர் இவர். பிறநாட்டுப் பந்தயக் காரைத் தருவிக்க வல்லவரே முந்திச் செல்லக்கூடிய காலம் அது. அவ்வசதி வாய்க்கப்பெற்ற கரிவரதன், தமது வெற்றியோடு அமைந்துவிடவில்லை. காரோட்டியவர் கார் சமைப்பவரானார். குடும்பங்கள் கடைத்தெருவுக்குச் செல்லும் மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் இயந்திரத்தைக் கொண்டே, ஒருவர் மாத்திரம் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1980களின் பிற்பகுதியில் வந்த அதுவே போர்முலா மாருதி. செலவு சிறிது, எல்லோர்க்கும் ஒரேவகை இயந்திரம். ஆகவே பணப்பையிலும் பார்க்கக் கைத்திறனே அங்கு பெரிதாயிற்று.

1995 இல் விமான விபத்தொன்றிலே அவர் மறைந்தார். போர்முலா மாருதியிற் பந்தயம் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005 இல் போர்முலா 1 களத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பெற்ற ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இளைஞரே, வெள்ளவத்தை ஒழுங்கையிலும் கொட்டாஞ்சேனைத் தெருவிலும் மட்டையுடையவனே முதலில் ஆடுவது வழக்கம். அம்மட்டையைத் தம்பியின் கையிற் கொடுப்பதும் வீரமே.