தீவுகளில் விடை தேடியவர்

பரிணாமம் பற்றிய அறிவியல் பாடத்தில் சார்லஸ் டார்வின் பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் கண்ட அதே உண்மையைத் தம் சொந்த உழைப்பால் கண்டறிந்த மற்றோர் அறிஞரும் உண்டு. அவர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ்.

வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், வேல்ஸில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். வறுமையால் ஏறத்தாழ 14 வயதில் அவரது பள்ளிப்படிப்பு நின்றது. தமையனாருடன் நில அளவைத் தொழிலில் ஈடுபட்டார். வயல்வெளிகளில் நடந்து திரிந்த அந்நாள்களில் செடிகொடிகள்மீது அவருக்குப் பற்று உண்டாயிற்று. பின்னர் லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, மக்கள்தொகைப் பெருக்கம் குறித்து மால்தஸ் எழுதிய நூலைப் பயின்றார். வண்டுகளைச் சேகரித்துவந்த ஹென்றி வால்டர் பேட்ஸின் நட்பும் அங்கேயே கிடைத்தது.

உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினாவுக்கு விடை தேடி, நண்பர் இருவரும் 1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்றனர். பறவைகளையும் பூச்சிகளையும் திரட்டி, இலண்டனுக்கு அனுப்பி விற்று, வாலஸ் தம் செலவை ஈடுசெய்தார். துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்புகையில், வாலஸ் வந்த கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த அரிய சேகரிப்புகள் அழிந்தன. சிறு தகரப் பெட்டியிலிருந்த சில ஓவியங்களும் குறிப்புகளுமே எஞ்சின. படகில் 10 நாள்கள் தத்தளித்தபின் வேறொரு கப்பல் அவரை மீட்டது.

அவர் மனம் தளரவில்லை. 1854இல் மலாய்த் தீவுக்கூட்டத்துக்குச் சென்று, 8 ஆண்டுகள் தீவு தீவாகச் சுற்றினார். அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு உற்ற துணையாக இருந்தார். அங்குத் திரட்டப்பட்ட உயிரின மாதிரிகள் 1,25,660 ஆகும்.

1856இல் பாலித் தீவிலிருந்து லம்போக் தீவுக்குச் சென்றபோது அவர் ஒரு வியப்பைக் கண்டார். இரண்டும் அருகருகே அமைந்தவை; வெப்பமும் மழையும் ஏறத்தாழ ஒத்தவை. ஆயினும், பாலியில் ஆசியக் காடுகளுக்குரிய மரங்கொத்திகளும் குக்குறுவான்களும் இருந்தன. லம்போக்கிலோ ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய காக்கட்டூக் கிளிகளும் தேனுண்ணிப் பறவைகளும் இருந்தன. தட்பவெப்பம் மட்டுமே உயிரினங்களைத் தீர்மானித்திருந்தால் இவ்வேறுபாடு தோன்றக் காரணமில்லை. மேற்குத் தீவுகள் முற்காலத்தில் ஆசியாவோடு இணைந்திருந்தன. இடையிலுள்ள ஆழமான நீரிணை கிழக்குத் தீவுகளைப் பிரித்தே வைத்திருந்தது. எனவே, இருபுறத்து உயிரினங்களும் வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை என அவர் உணர்ந்தார். அவர் வரைந்த எல்லை இன்றும் வாலஸ் கோடு என வழங்குகிறது.

1858 பிப்ரவரியில் காய்ச்சலால் படுத்திருந்தபோது, மால்தஸின் கருத்து அவர் நினைவுக்கு வந்தது. உயிரினங்கள் மிகுதியாகப் பெருகுகின்றன. ஆயினும் பல அழிகின்றன. பிழைப்பவை எவை? சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவையே பெரும்பாலும் பிழைத்து, அப்பண்பைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளிக்கின்றன. தலைமுறைதோறும் இது தொடர, புதிய இனங்கள் உருவாகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு. இக்கருத்தைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் திகைத்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அவர் ஆராய்ந்துவந்த கருத்தும் அதுவே. நண்பர்களின் ஏற்பாட்டால், இருவர் எழுத்துகளும் 1858 சூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. தொலைதூரத் தீவில் இருந்த வாலஸிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. பின்னர்ச் செய்தியறிந்தும் அவர் சினம் கொள்ளவில்லை. தம் பயண நூலை 1869இல் டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் தாம் எழுதிய பரிணாம நூலுக்கு டார்வினியம் எனப் பெயரிட்டார். அவர் வறுமையுற்றபோது, அரசின் ஓய்வூதியம் கிடைக்க டார்வின் முயன்று உதவினார். 1913 நவம்பர் 7 அன்று, 90ஆம் வயதில் வாலஸ் மறைந்தார்.

வெவ்வேறு நாடுகளில் சான்று திரட்டிய இருவர் ஒரே முடிவை அடைந்தனர். அம்முடிவின் வலிமையை இது நமக்குக் காட்டுகிறது. புகழைப் பங்கிடத் தயங்காத வாலஸின் உள்ளமும் நாம் போற்றத்தக்கதாகும்.

அருஞ்சொற்பொருள்
தமையன் – அண்ணன்
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையேயுள்ள குறுகிய கடல்
இசைவு – சம்மதம்

விடையளிக்க
1. அமேசான் பயணத்தில் வாலஸ் அடைந்த இழப்புகள் யாவை?
2. பாலி, லம்போக் தீவுகளின் பறவைகள் பரிணாமத்திற்கு எவ்வாறு சான்றாகின்றன?
3. வாலஸின் இசைவின்றி அவரது கட்டுரை படிக்கப்பட்டது முறையா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.