நேதாஜியும் ஒரு கலயம் சாம்பலும்

மலர்க்குழு நண்பர்கள், உங்க வேலை சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுங்க என்று கேட்டார்கள். தடய அறிவியல் துறையில் இரத்தக்கறை, எலும்பு, முடி இவற்றோடு முப்பது வருஷம் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். யோசித்துப் பார்த்தேன். துறைக்குள் கால் வைக்கும் முன்பே ஒருவர் என்னிடம் ஒப்படைத்த வழக்கு ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன்.

நெய்க்காரப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் மலேயாவுக்குப் பிழைக்கப் போய், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, யுத்தம் முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவர். மலேயாத் தாத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலையில் நம் கல்லூரிக்கு நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருப்பார். நேதாஜி பற்றி ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்றுதான் தேடுவார். அவர் சாகவில்லை, ஒருநாள் வருவார் என்பது தாத்தாவின் உறுதி. எனக்கு வேலை கிடைத்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். செத்தவங்க எலும்பை வச்சு ஆள் யாருன்னு சொல்ற வேலையாமே, அப்படின்னா எங்க தலைவர் விஷயத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லு என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். பல வருஷம் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23ல் கட்டாக்கில் பிறந்தார். அதே 1897ல்தான் உலகின் முதல் கைரேகைப் பதிவகம் கல்கத்தாவில் தொடங்கியது. ஒரு மனிதனை ஐயமின்றி அடையாளம் காணும் முறை அவர் கல்லூரியில் படித்த ஊரிலேயே வளர்ந்தது. ஆனால் அவருடைய முடிவை அடையாளம் காட்ட அது உதவவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி: கல்லூரியில் அவர் சாதுவான மாணவர் அல்ல. பிரசிடென்சி கல்லூரியில் ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் 1916ல் வெளியேற்றப்பட்டவர். பிறகு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் போய், 1920ல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாகத் தேறினார். மறு ஆண்டே அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். அப்புறம் சிறை, மாண்டலே, மறுபடி சிறை. 1938லும் 1939லும் காங்கிரஸ் தலைவர். கருத்து வேறுபாட்டால் விலகி பார்வர்டு பிளாக் கண்டார். 1939 செப்டம்பர் 3ல் உலகப் போர் மூண்ட செய்தி வந்தபோது அவர் சென்னையில் பொதுக்கூட்ட மேடையில் இருந்தார். அடுத்த சில நாட்களில் மதுரைக்கும் வந்து போனார்.

1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, காபூல் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். 1943ல் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானியக் கப்பலுக்கு மாறி, கிழக்காசியா வந்தார். அக்டோபர் 21ல் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலேயா, பர்மாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவர் பின்னால் போனார்கள். ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி. எங்கள் தாத்தா போன்ற தோட்டத் தொழிலாளியை முதல் தடவையாக மனுஷனாக நிமிர்ந்து நிற்க வைத்தவர் அவர்தான்.

1945 ஆகஸ்ட் 18ல் தைவானின் தைஹோகு விமான நிலையத்தில் அவர் ஏறிய குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. உடல் முழுக்கத் தீக்காயத்தோடு அன்று இரவே ராணுவ ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்ததாக, உடன் இருந்த ஹபிபுர் ரஹ்மானும் ஜப்பானிய மருத்துவர்களும் சொன்னார்கள். அங்கேயே தகனம் நடந்தது. சாம்பலும் எலும்புத் துண்டுகளும் டோக்கியோவின் ரென்கோஜி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன.

இங்கேதான் என் துறைக்காரன் புத்தி விழித்துக்கொள்கிறது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. முகம் தெரிகிற புகைப்படம் இல்லை. கைரேகை, பல் குறிப்பு என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது மனிதர்களின் வாய்வார்த்தை மட்டும்தான். முத்துராமலிங்கத் தேவர், போஸ் உயிரோடு இருக்கிறார் என்று நம் பக்கத்து மேடைகளிலேயே முழங்கினார். 1956ல் ஷாநவாஸ் கான் குழு விபத்தில் இறந்தார் என்றது. குழுவில் இருந்த சொந்த அண்ணன் சுரேஷ் போஸே அதை ஏற்கவில்லை. 1974ல் கோஸ்லா கமிஷனும் விபத்துதான் என்றது. 1999ல் அமைந்த முகர்ஜி கமிஷன், விபத்தில் இறக்கவில்லை, கோயில் சாம்பலும் அவருடையது அல்ல என்றது. அந்த அறிக்கையை 2006ல் மத்திய அரசு நிராகரித்தது.

முகர்ஜி கமிஷன் காலத்தில்தான் எங்கள் துறை உள்ளே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1985ல் இறந்த கும்நாமி பாபா என்ற துறவிதான் நேதாஜி என்று பலர் நம்பினார்கள். அவருடையவை என்று சொல்லப்பட்ட பற்களின் டி.என்.ஏ.வை போஸ் குடும்பத்தார் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. கையெழுத்து நிபுணர்களோ ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் ரென்கோஜி எலும்புகளில் மட்டும் டி.என்.ஏ. சோதனை நடக்காமலேயே போய்விட்டது.

அதில் என்ன சிரமம் என்று மாணவர்கள் கேட்கலாம். எலும்பு தீயில் முதலில் கறுக்கும், பிறகு சாம்பல் நிறமாகும், கடைசியில் சுண்ணாம்பாய் வெளுக்கும். வெளுத்த எலும்பில் டி.என்.ஏ. பெரும்பாலும் அழிந்து போயிருக்கும். அரைகுறையாய் வெந்த துண்டு கிடைத்தால் வாய்ப்பு உண்டு. யாரோடு ஒப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். பழைய எலும்பில் ஓரளவு தாக்குப்பிடிப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய் வழியில் மட்டுமே வரும். ஆகவே அதற்கு நேதாஜியின் மகள் இரத்தம் உதவாது, அவருடைய சகோதரிகளின் வழி வந்தவர்கள் வேண்டும். ரஷ்யாவின் ஜார் குடும்பத்து எலும்புகளை 1990களில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ராணியின் தாய்வழி உறவான இங்கிலாந்து இளவரசர் பிலிப் இரத்தம் கொடுத்தார், பொருந்திவிட்டது. மகளோடு ஒப்பிட வேண்டுமானால் உட்கரு டி.என்.ஏ. வேண்டும், வெந்த எலும்பில் அது கிடைப்பது இன்னும் அரிது.

அந்த மகள் அனிதா போஸ், 1942ல் பிறந்தவர். தந்தை விபத்தில்தான் இறந்தார் என்பது அவர் எண்ணம். ஆனாலும் எண்பது வயதைத் தாண்டியும், சோதனை செய்யுங்கள், சாம்பலை இந்தியாவுக்குக் கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2016ல் மத்திய அரசு ரகசியக் கோப்புகளை வெளியிட்டது. ஆனால் கோப்பு எலும்புக்கு ஈடாகாது.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், விபத்து என்பதற்கே சாட்சியம் கனம் என்பேன். ஆனால் நிரூபணம் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். அன்றைக்கு யாராவது ஒருவர் முகம் தெரிய ஒரு படம் எடுத்திருந்தால், ஒரு கைரேகை பதிந்திருந்தால், இத்தனை கமிஷன் தேவைப்பட்டிருக்காது. சம்பவ இடத்தில் அன்றே எடுக்காத தடயத்தை அறுபது வருஷம் கழித்து எந்த விஞ்ஞானமும் உண்டாக்கித் தராது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மலேயாத் தாத்தா, முகர்ஜி கமிஷன் அமைவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசித் தடவை பார்த்தபோதும் என்னப்பா ஆச்சு என்றுதான் கேட்டார். இன்னும் முடியலை தாத்தா என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.