டிஎன்ஏவின் வேலையைக் கண்டுபிடித்தும் நோபல் கிடைக்காதவர்: யார் இந்த ஆஸ்வால்ட் ஏவரி?

பயோடெக் படித்தவர்களுக்கு இந்த லேப் வகுப்பு ஞாபகம் இருக்கும். ஐஸில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை 42 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து, மறுபடி ஐஸுக்கு மாற்றுவார்கள். ஜெல்லிமீன் மரபணு உள்ள டிஎன்ஏ சில பாக்டீரியாவுக்குள் போய்விடும். மறுநாள் புற ஊதா விளக்கில் பார்த்தால் தட்டு பச்சையாக ஒளிரும். இதுதான் டிரான்ஸ்ஃபர்மேஷன். இதைச் செய்வது டிஎன்ஏதான் என்று முதலில் காட்டியவர் ஏவரி.

டாக்டர் டு ஆராய்ச்சியாளர்

1877-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் போதகர். சிறுவயதிலேயே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. 1904-ல் கொலம்பியாவில் மருத்துவப் பட்டம். 1913-ல் ராக்ஃபெல்லர் ஆய்வு மருத்துவமனையில் சேர்ந்தார். அப்போது நிமோனியா உயிர்க்கொல்லி நோய். அதை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

நம்ப மறுத்தவர்

1928-ல் பிரிட்டனின் ஃபிரெடரிக் கிரிஃபித் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். சூட்டில் செத்துப்போன ஆபத்தான கிருமியையும், உயிருள்ள சாதுவான கிருமியையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டால் எலி செத்துவிடுகிறது. சாதுவான கிருமி ஆபத்தானதாக மாறியிருந்தது. ஏவரி முதலில் இதை நம்பவில்லை. ஆனா, அவருடைய லேபிலேயே அது நடந்து காட்டியதும், காரணத்தைத் தேடத் தொடங்கினார்.

அது என்ன பொருள்?

பரம்பரைத் தகவலைச் சுமப்பது புரதம்தான் என்று பலரும் நினைத்த காலம் அது. டிஎன்ஏ ரொம்ப எளிமையான பொருளாம்! ஏவரி, காலின் மெக்லியோட், மெக்லின் மெக்கார்ட்டி மூவரும் லிட்டர் லிட்டராகக் கிருமி வளர்த்து, சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், மாற்றம் நிற்கவில்லை. ஆர்என்ஏவைச் சிதைத்தார்கள், அப்போதும் நிற்கவில்லை. டிஎன்ஏவைச் சிதைத்ததும் நின்றுவிட்டது.

அடக்கமே தடையானதா?

இது மரபணுவாக இருக்கலாம் என்று 1943-லேயே தம்பிக்குக் கடிதம் எழுதினார். 1944-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மட்டும் வார்த்தைகளை அளந்துதான் வைத்தார். அப்போது வயது 66. கொஞ்சம் புரதம் கலந்திருக்கலாமே என்ற சந்தேகம் சொந்த நிறுவனத்திலேயே எழுந்தது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் வரவில்லை. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் 1953-ல் வெளியானது. இரண்டே ஆண்டில், நாஷ்வில்லில் ஏவரி காலமானார். அந்த வடிவத்துக்கு 1962-ல் நோபல் கொடுத்தார்கள். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது.

இன்றும் அந்த லேப் வகுப்பில் டிஎன்ஏ சேர்க்காத ஒரு தட்டையும் பக்கத்தில் வைப்பார்கள். அதில் பச்சை ஒளி வராது. டிஎன்ஏ இல்லையென்றால் மாற்றம் இல்லை: ஏவரி நிரூபித்ததும் இதைத்தான்.