யார் இந்த ஜன்கர் சிங் ஷியாம்? மண் சுவரிலிருந்து பாரிஸ் வரை போன கோண்டு ஓவியரின் கதை

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் வயசான பாட்டிகள் சிலரோட கையில பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. புள்ளி, கோடு, தேள், கோலம்னு மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிப் போகும். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடிப் பெண்களிடமும் இதே பழக்கம் உண்டு. அந்தப் பச்சைப் புள்ளிகளைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, இந்தியாவில் ஒரு புது ஓவிய பாணியையே தொடங்கிவைத்தவர் ஜன்கர் சிங் ஷியாம். எந்த ஓவியக் கல்லூரிக்கும் போகாதவர். 2001 ஜூலையில், சுமார் 40 வயதில், ஜப்பானில் உயிரை விட்டார்.

பாடகர் குலத்தில் பிறந்தவர்

1960களின் தொடக்கத்தில் அப்போதைய மண்ட்லா மாவட்டத்தில் இருந்த பாட்டன்கர் கிராமத்தில் பிறந்தார். இன்று அது திண்டோரி மாவட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் பிறந்ததால், அதற்கான இந்திச் சொல்லை ஒட்டி ஜன்கர் என்று பெயர் வைத்தார்களாம். அதிகாரிகள் கணக்கெடுக்க வந்த நாளே பேராகிவிட்டது!

அவரது குடும்பம் கோண்டுகளில் பர்தான் என்ற பிரிவைச் சேர்ந்தது. பர்தான்களின் தொழில் பாடுவது. பானா என்ற தந்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, தங்களை ஆதரிக்கும் கோண்டு குடும்பங்களின் வீடு வீடாகப் போவார்கள். அந்த வம்சத்தின் கதை, கோண்டு ராஜாக்களின் கதை, படா தேவ் என்ற பெரிய கடவுளின் கதை எல்லாவற்றையும் பாடுவார்கள். பதிலுக்கு தானியம், துணி, ஆடு மாடு கிடைக்கும். எழுத்தில் இல்லாத ஒரு வரலாறு இவர்கள் வாயில்தான் இருந்தது.

அது சாதாரண வரலாறும் இல்லை. கர்ஹா-மண்ட்லா என்ற கோண்டு அரசு அங்கே இருந்தது. அதன் ராணி துர்காவதி 1564-ல் அக்பரின் படையை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்டார். 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த அரசு மராட்டியர் கைக்குப் போனது. அந்த வம்சத்தில் வந்த சங்கர் ஷாவையும் அவர் மகன் ரகுநாத் ஷாவையும் 1857-ல் ஜபல்பூரில் ஆங்கிலேயர்கள் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். பிறகு வனச் சட்டங்கள் வந்தன, காடும் கைவிட்டுப் போனது. ஆதரித்தவர்களே ஏழையான பிறகு பாடகர்களுக்கு யார் படி அளப்பது? ஜன்கர் பிறந்தபோது வீட்டில் பாட்டு இருந்தது, வருமானம் இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாடு மேய்த்தார்.

போபாலில் இருந்து வந்த தேடல்

1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓவியர் ஜே.சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். நகரத்து ஓவியரையும் பழங்குடி ஓவியரையும் ஒரே கூரையின் கீழ், சமகாலக் கலைஞர்களாகவே வைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தக் காலத்தில் பழங்குடி ஓவியம் என்றால் மானுடவியல் கண்காட்சியில் வைக்கிற பொருள்தான். அதனால் இந்தப் பிடிவாதம் பெரிய விஷயம்.

கலைஞர்களைத் தேடி அவர் அனுப்பிய குழு பாட்டன்கருக்கும் வந்தது. அங்கே ஒரு சுவரில் வரைந்திருந்த அனுமன் அவர்கள் கண்ணில் பட்டது. யார் வரைஞ்சது என்று விசாரித்தால், 20 வயதை ஒட்டிய ஓர் இளைஞர். அதுவரை செம்மண், மஞ்சள் மண், வெள்ளைக் களிமண், கரி தவிர வேறு நிறம் தொடாதவர் கையில் போஸ்டர் கலர் கிடைத்தது. 1982 பிப்ரவரியில் பாரத் பவன் திறக்கப்பட்டபோது அவர் ஓவியங்களும் அங்கே இருந்தன. அங்கேயே அவருக்கு வேலையும் கிடைத்தது.

அப்படி என்ன புதுசா செய்தார்?

கோண்டு வீடுகளில் சுவரிலும் தரையிலும் டிக்னா என்ற வடிவங்களைப் பெண்கள் போடுவார்கள், நம்ம ஊர் கோலம் மாதிரி. பச்சை குத்தும் வடிவங்கள் தனி. ஜன்கர் இந்த இரண்டையும் பர்தான் பாட்டோடு சேர்த்தார். பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு முகமும் உடம்பும் கொடுத்தார். படா தேவ் அதுவரை கருமருது மரத்தில் குடியிருப்பவர், உருவம் கிடையாது. ஜன்கர் அவரை வரைந்தார். மான் கொம்பு மரக்கிளையாக வளரும், உடம்பு முழுக்கப் புள்ளிகள் வரிசையாக நகரும். பார்த்தால் படம் அதிர்கிற மாதிரி இருக்கும்.

வரையத் தெரியாமல் புள்ளி வைத்தார் என்று நினைத்தவர்களும் உண்டு. ஒரே ஒரு படத்தை உற்றுப் பார்த்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும்.

1989-ல் பாரிஸின் பாம்பிடு மையத்தில் நடந்த பிரபலமான கண்காட்சியில் உலகெங்கும் இருந்து சுமார் 100 கலைஞர்கள் கலந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் யுண்டுமு பழங்குடியினர் அங்கே தரையில் மண் ஓவியம் போட்டார்கள். இந்தியாவில் இருந்து போனவர்களில் ஜன்கரும் ஒருவர். சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேச சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் அவர் வரைந்தார். ஒரு காலத்தில் ராஜாக்களின் கதையைப் பாடிய குலத்துப் பையன், சட்டசபைச் சுவரில் வரைந்ததை போபாலில் பலரும் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

போபால் வீட்டுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரவழைத்து பிரஷைக் கையில் கொடுத்தார். இரவுக் காவலாளியாக வேலை பார்த்திருந்த பஜ்ஜு ஷியாம் அவர்களில் ஒருவர்.

ஜப்பானில் நடந்தது என்ன?

ஜப்பானின் நீகட்டா பகுதியில் மிதிலா அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியக் கலைஞர்களை வரவழைத்து, மாதக்கணக்கில் தங்கவைத்து வரையச் சொல்லும் இடம். ஜன்கர் 2001-ல் அங்கே போனார். மாதம் சுமார் 12 ஆயிரம் ரூபாய் தரப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போனது, அவர் மனம் தளர்ந்திருந்தார் என்றும் சொல்லப்பட்டது. ஜூலை 3-ம் தேதி தங்கியிருந்த இடத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்.

இந்தியக் கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். விசாரணை கேட்டார்கள். உலகப் புகழ் பெற்ற நகரத்து ஓவியர் ஒருவரை இந்தத் தொகைக்கு இப்படி உட்காரவைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. சுவாமிநாதன் 1994-லேயே இறந்துவிட்டார். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, ஜன்கருக்காகப் பேரம் பேச யாரும் இல்லை. 2010-ல் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்தில் அவரது ஓவியம் ஒன்று 31,250 டாலருக்குப் போனது. ஜப்பானில் சொல்லப்பட்ட அந்த மாதத் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு?

பஜ்ஜு ஷியாமின் லண்டன் அனுபவத்தை 2004-ல் சென்னையின் தாரா புக்ஸ் புத்தகமாகப் போட்டது. அதில் லண்டன் சுரங்க ரயில் ஒரு மண்புழு, பிக் பென் கடிகாரம் ஒரு சேவல். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜன்கரின் மைத்துனர் சுபாஷ் வியாமும் அவர் மனைவி துர்காபாயும் 2011-ல் அம்பேத்கரின் வாழ்க்கையையே கோண்டு பாணியில் வரைந்தார்கள். பீமாயணா என்பது புத்தகத்தின் பெயர். குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமின் கதையை அதே புள்ளிகளும் கோடுகளும் சொல்கின்றன.

ஜன்கரின் மனைவி நங்குசியா, மகன் மயங்க், மகள் எல்லாருமே ஓவியர்கள். மகளுக்கு ஜன்கர் வைத்த பெயர் ஜப்பானி. அவர் ஜப்பான் போய்வந்த 1988-ல் பிறந்த பிள்ளை.