ஒநேசிமு கொண்டு சென்ற துண்டு

பவுல் அடியார் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் 25 வசனங்களே கொண்டது. 1715 ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த காலந்தொட்டு அது நம் கையில் உள்ளது. ஆயினும் அதன் நாயகனாகிய ஒநேசிமுவைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிது. நான் அவனை அறிந்துகொண்டது வேத ஆராய்ச்சியால் அன்று. லிந்துலைத் தோட்டத்து லயத்தில் என் பாட்டனார், தம் தந்தையாரிடம் கேட்டதாகச் சொல்லிவந்த துண்டுக் கதைகளாலேயே.

ஒநேசிமுவின் ஊர் கொலோசெ. இன்றைய துருக்கி நாட்டில், ஆட்டு உரோமத்துக்குப் பேர்பெற்று விளங்கிய பழம்பதி அது. அவன் பெயருக்குக் கிரேக்க மொழியில் பயன்படுவோன் என்பது பொருள். உழவுமாட்டுக்குப் பெயரிடுவதுபோல் எசமானர்கள் தம் அடிமைகளுக்கு வழங்கிவந்த பெயர்களுள் அதுவும் ஒன்று. எசமான் பிலேமோனோ கிறிஸ்தவன்; அவன் வீட்டிலேயே சபை கூடிற்று. ஜெபம் ஒலித்த அவ்வீட்டிலிருந்துதான் அவ்வடிமை ஓடிப்போனான் என்பதை நாம் விரைந்து கடந்துவிடலாகாது.

ஓடிய அடிமை பிடிபட்டால் நெற்றியில் சூடிடுவதும் ரோமர் ஆட்சியில் வழக்கமாயிருந்தது. அத்தகைய அச்சத்தோடு அலைந்தவன் சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்தான். அச்சிறை ரோமாபுரியில் இருந்தது என்பது மரபு; எபேசு என்பாரும் உளர். விலங்கிடப்பட்ட அம்முதியவருக்கு அவன் ஊழியம் செய்தான், விசுவாசம் பெற்றான், அவரால் மகன் என்று அழைக்கப்பெற்றான். தம்மோடு வைத்துக்கொள்ளப் பவுலுக்கு மிகுந்த ஆசை இருந்தும், கையில் ஒரு கடிதம் கொடுத்து அவனை எசமானிடமே திருப்பி அனுப்பினார்.

இவ்விடத்தில்தான் எனக்குப் பாட்டனார் நினைவு வரும். கங்காணிமார் தென்னிந்தியக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டி மலைநாட்டுக்கு அழைத்து வந்தனர். அப்பணம் தொழிலாளியின் தலையில் கடனாய் நின்றது. அவன் தோட்டம் மாறவேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். ஆனால் கடன் தீராது. அவனுடனேயே நடந்து வந்து புதிய லயத்திலும் குடியேறும். துண்டின்றி ஓடியவனுக்கோ 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் சிறையைக் காட்டிற்று. 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

பவுல் எழுதியதும் ஒருவகைத் துண்டே. எனினும், ஒநேசிமு பட்ட கடன் ஏதேனும் இருப்பின் அதனைத் தம் கணக்கில் எழுதும்படியும், தாமே தீர்ப்பதாகவும் அவர் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். கடன் அங்கே ஒருவர் தலையிலிருந்து இறங்கிப் பிறிதொருவர் தலையில் அமர்ந்தது, ஓடியவனைத் தொடரவில்லை. மேலும், அடிமையாக அன்றி அன்பான சகோதரனாக அவனை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். இதுகாறும் நானும் அவன் என்றே எழுதி வந்தேன். இனி அவர் என்று எழுதுவதே முறை.

ஆனாலும் என் மனத்தில் ஒரு முள் உண்டு. விடுதலை செய் என்று பவுல் வெளிப்படையாகக் கட்டளையிடவில்லை. அமெரிக்காவில் 1850 இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தபோது, அதற்கு ஆதாரமாக இந்நிருபத்தையே காட்டிய போதகர்கள் இருந்தனர். கடிதத்தில் திருப்பி அனுப்பிய செய்தியைப் படித்தவர்கள், கடனை ஏற்ற வரியைப் படியாமல் விட்டார்கள் போலும்! திரும்பிச் செல்லும் வழியில் ஒநேசிமுவின் நெஞ்சு எவ்வாறு அடித்துக்கொண்டிருக்கும் என்பதைத் துண்டை மடியில் முடிந்துகொண்டு மலையேறியவர்களே அறிவர்.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் அவர் தீகிக்குவின் துணையாய், உண்மையும் அன்புமுள்ள சகோதரராய்க் குறிக்கப்படுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா இக்னேசியு எபேசு சபைக்கு எழுதியபோது, அச்சபையின் தலைவராக ஒநேசிமு என்பவரைப் போற்றுகிறார். அவரே இவர் என்பது மரபு. பெயர் ஒன்றாயின் ஆளும் ஒன்றாகவேண்டுமா என்று வினவும் அறிஞரும் உளர். நானோ மரபின் பக்கமே சாய்கிறேன். அதற்குக் காரணம், அவர் வகித்த அப்பதவியைத் தமிழ் வேதாகமம் கண்காணி என்று மொழிபெயர்த்திருப்பதுதான். எங்கள் மலையில் கங்காணி என்று மருவி வழங்கியதும் அச்சொல்லே.